ஏத்த அளவு

சாமுராய் என்று போட்ட புத்தகத்தின் அட்டையில் ஒருவன் இரண்டு கையாலும் வாளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறான். அப்படித் தூக்கினால் இறங்கும்போது தோள் பிசகும், எலும்பில் பட்டுக் கத்தி திரும்பும், வெட்டுப்பட்டவன் சாகமாட்டான், அலறிக்கொண்டு ஓடுவான். அவ்வளவு உயரம் தேவையே இல்லை. முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், மணிக்கட்டு மட்டும் விழவேண்டும், கழுத்து எங்கே இணைகிறதோ அங்கே கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டால் போதும். நான் ஏன் இதை நினைக்கிறேன். நான் சுடோகு புத்தகம் வாங்க வந்தவன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நோட்டும் பேனாவும் சாமி படமும் விற்கிற கடையில், சுற்றுகிற கம்பி ஸ்டாண்டின் முன்னால் நிற்கிறேன். தள்ளினால் கிறீச்சென்று சுற்றுகிறது. வாள், மண்டை ஓடு, தீப்பிடித்த எண்கள், பிசாசு மாதிரி ஒரு முகம். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எழுதுவதற்கு இவ்வளவு கொலைவெறி எதற்கு. "அது வேணாம்னா கில்லர் பாருங்க அய்யா, அதுதான் இப்ப நல்லாப் போகுது" என்கிறாள் கடைப்பெண். கழுத்தில் சின்னச் சிலுவை. முதலாளி கல்லாவிலிருந்து ரெஜினா ரெஜினா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். கில்லர் என்றால் கொலைகாரன் என்று எனக்குத் தெரியாதா. "யாருக்கு அய்யா, உங்களுக்கா?" "மகளுக்கு." "என்ன படிக்குது?" "கல்யாணம் ஆயிருச்சும்மா." "அப்ப நல்லாக் கஷ்டமானதா எடுத்துக் குடுங்க, வீட்டுக்காரரைத் தொந்தரவு பண்ணாம இருக்கும்" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவளுக்கு என்ன தெரியும். இன்று சாயங்காலம் என் மகள் தமயந்தியின் புருஷன் வீட்டார் அவளைத் திரும்பக் கூட்டிப்போக வருகிறார்கள். இன்று காலையில் தமயந்தி என்னிடம் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக, ஆழத்திலிருந்து வாளியை இழுப்பதுபோல: "ஒரு சுடோகு புத்தகம் வாங்கிட்டு வாங்கப்பா. ஒண்ணாச்சும் போட முடியுதான்னு பாக்குறேன். முடிஞ்சா இங்க இருக்கேன். முடியலன்னா போயிர்றேன். ஒண்ணுக்கும் ஆகாதவ எங்க கெடந்தா என்ன." அதனால் நான் எடுக்கிற புத்தகம் அவளை வீட்டில் வைக்கும், அல்லது அவன் கையில் கொடுக்கும். ஸ்டாண்டை மறுபடி தள்ளுகிறேன்.

ஏத்த அளவு என்று டாக்டரம்மா சொன்னாள். சின்ன வயசு, மூக்கில் கண்ணாடி இறங்கிக்கொண்டே இருக்கும். "பொண்ணு மூளைக்கு வேலை குடுங்கய்யா. ரொம்ப லேசாவும் வேண்டாம், ரொம்பக் கஷ்டமாவும் வேண்டாம். ஏத்த அளவு." ஏத்த அளவு எனக்குப் புரியாத சொல்லா. பிரியாணிக்கு ஏத்த அளவு, குழம்புக்கு ஏத்த அளவு, சிக்கன் அறுபத்தைந்துக்கு ஏத்த அளவு, எலும்போடு, எலும்பில்லாமல், தோலோடு, தோலில்லாமல். வாலிபத்திலிருந்து கோழிக்கடையில் நின்றவன் நான். ஆள் முகத்தைப் பார்த்தே வீட்டில் எத்தனை வாய் என்று தெரிந்துவிடும், புளியங்கட்டையில் கத்தி தானே அந்த அளவுக்கு விழும். என் மகளுக்கு ஏத்த அளவு மட்டும் தெரியவில்லை. அவளில் எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியாது. இடது காதுக்கு மேலே மண்டையைத் திறந்து, உறைந்த ரத்தத்தை எடுத்து மூடினார்கள். முடி முளைத்துவிட்டது, அந்தக் கோட்டில் மட்டும் முளைக்கவில்லை. ஸ்பூனைச் சாவி என்கிறாள். ஃபேன் ஓடுவதை மழை என்கிறாள். ஆறும் ஒன்பதும் கவிழ்ந்து கவிழ்ந்து வருகின்றன. நான் திருத்தினால் என் முகத்தைப் பார்க்கிறாள், சிரித்துத் தப்பிக்கலாமா என்று பார்க்கிற பார்வை, சிரிப்பு பாதியில் நின்றுவிடும். இந்தப் புத்தகத்தில் நாலுக்கு நாலு கட்டம், எண்ணுக்குப் பதில் ஆப்பிளும் பட்டாம்பூச்சியும். ஆறு வயது முதல் என்று மூலையில் மஞ்சள் வட்டத்தில் போட்டிருக்கிறது. இதை எடுத்துப் போனால் போட்டுவிடுவாள். போட்டுவிட்டு அட்டையைத் திருப்பி அந்த மஞ்சள் வட்டத்தைப் பார்ப்பாள். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் போய்விடுவாள். அவளுக்கு வயதும் தெரியும், அவமானமும் தெரியும், சொற்கள்தான் இடம் மாறியிருக்கின்றன. பட்டாம்பூச்சியை ஸ்டாண்டின் பின்பக்கத்தில் செருகுகிறேன், யார் கண்ணிலும் படாத இடத்தில்.

என் கடையில் கறி மடிக்கப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றதும் அதில்தான், ரத்தம் ஊறாத மேல் பாதியை வாசித்துவிட்டுக் கீழ்ப் பாதியில் ஈரலை மடிப்பேன். தமயந்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டைப் பிரித்துச் சுடோகு இருக்கிற தாளை எல்லாம் உருவிவிடுவாள். முந்தினவன் எவனோ பாதி போட்டுவிட்டு விட்டிருப்பான், தப்பும் தவறுமாக. அதை அழித்துப் போடுவதில்தான் அவளுக்கு ருசி. "எவனோ ஒருத்தன் ரெண்டு ஏழைப் போட்டு வெச்சிருக்கான் பாருங்கப்பா, லூசுப்பய." பேனாவில் போடுவாள். பென்சில் தொடமாட்டாள். சௌந்தரம் அடுப்படியிலிருந்து கத்துவாள், "கட்டத்தைக் கட்டிக்கிட்டு அழு, உனக்குத் தனியா மாப்பிள்ள எதுக்கு." சௌந்தரம் போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் மண்டையில் அந்தக் கோட்டைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, கொடுத்துவைத்தவள். இருந்திருந்தால் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் மாமியார்க்காரியின் கொண்டையைப் பிடித்துத் தெருவில் இழுத்திருப்பாள். என்னைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள் என்றும் தெரியும். "காலைக் கட்டிப் போட்டதுகிட்டத்தான் உன் வீரமெல்லாம்." ஆமாம். கால் கட்டியிருக்கும், இறக்கை இரண்டையும் முறுக்கிப் பின்னியிருக்கும், எதிர்க்க வழியே இல்லாததைத்தான் நான் வெட்டினேன். தமயந்தியிடம் அவனும் அப்படித்தான் செய்தான். அந்த நினைப்பு வந்தவுடன் அதைக் கையால் தள்ளுகிறேன், நிஜமாகவே கை அசைகிறது. ரெஜினா, "ஸ்டாண்டு விழுந்துரும் அய்யா, மெதுவா" என்கிறாள்.

விதவிதமா வேணும் என்பாள் தமயந்தி, கல்யாணத்துக்கு முன்பே. "ஒரே மாதிரி கட்டமே போட்டா டெய்லி ரசஞ்சோறு தின்ன மாதிரி இருக்குப்பா." இதோ மூலைக்கு மூலை கோடு போட்டது, கோட்டிலும் ஒன்பது எண்ணும் வரவேண்டும். இது கட்டங்களை வளைத்து நெளித்து வெட்டி ஒட்டியது. இதுதான் கில்லர், எண்ணே கொடுக்காமல் புள்ளிக்கோட்டால் சின்னச் சின்னக் கூண்டு போட்டு, கூண்டின் மூலையில் தொகையை மட்டும் எழுதியிருக்கிறான், கூட்டினால் அந்தத் தொகை வரவேண்டும். கூட்டினால். கூட்டித்தான் பார்த்தாள் அந்தப் பொம்பளை. அமிர்தவல்லி, என் சம்பந்தி. மெத்தை உறை மாற்றும்போது அடியிலிருந்து பேப்பர் துண்டுகள் வந்திருக்கின்றன. மாதக்கணக்கில் தமயந்தி வெட்டி வைத்தவை, எல்லாம் கட்டம், எல்லாம் எண், எல்லாம் நீல மையில் அடைத்தது. அந்த வீட்டுப் பூஜை அறையில் செப்புத் தகட்டில் எண் எந்திரம் ஒன்று இருக்கிறது, எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே தொகை வரும், வெள்ளிக்கிழமை அதற்குக் குங்குமம் வைப்பாள். அந்தப் பழக்கத்தில் இதையும் கூட்டியிருக்கிறாள். முதல் வரிசை நாற்பத்தைந்து. இரண்டாம் வரிசை நாற்பத்தைந்து. மேலிருந்து கீழே நாற்பத்தைந்து. சின்னச் சதுரத்தைக் கூட்டினாலும் நாற்பத்தைந்து. ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டினால் எந்த நாய்க்கும் நாற்பத்தைந்துதான் வரும். அவள் கையால் தொடாமல் மஞ்சள் துணியில் முடிந்து, வேப்பிலை செருகி, குறி சொல்கிறவனிடம் கொண்டுபோயிருக்கிறாள். அவன் கட்டத்தைப் பார்த்துக் கண்ணை மூடி, "ஒம்பதுக்கு ஒம்பது அடைச்சிருக்கா தாயி. நவக்கிரகத்தையும் மூலைக்கு மூலை கட்டிப் போட்டிருக்கா. உன் மகன் கால் எப்பிடி நகரும்?" என்றானாம். மகன் பைக்கில் விழுந்து காலை உடைத்து, செல்போன் கடையை மூடி, வீட்டில் கிடந்தான். நகராத கால் அது. அவளை நான் மன்னித்துவிடுவேன். சத்தியமாக. எந்திரத்துக்குக் குங்குமம் வைக்கிறவள் எந்திரத்துக்குப் பயப்படுகிறாள். அவனைத்தான். அவனுக்குத் தெரியும்.

அவனுக்குத் தெரியும், அங்கேயேதான் எனக்குச் சிக்குகிறது, தொண்டையில் குத்தின முள் மாதிரி, விழுங்கினாலும் குத்துகிறது, காறினாலும் குத்துகிறது. மருமகன் சுரேந்தருக்குச் சுடோகு தெரியும். கல்யாணமான புதிதில் என் வீட்டு வெளி அறையில் பாயில் உட்கார்ந்து, செல்போனில் நேரம் வைத்து, அவள் போடப் போட "விடாத விடாத" என்று கத்தியவன் அவன்தான். படம் எடுத்துக் கூட்டாளிகளுக்கு அனுப்பினான், என் பொண்டாட்டி கம்ப்யூட்டர் என்று. "மாமா, உங்க பொண்ணு மூளைய வித்தா கோழி வித்து வாற காசெல்லாம் தூசு மாமா" என்று என்னிடமே சொன்னான், அவன் செல்போனிலேயே அந்த விளையாட்டு இருந்தது. அன்று அம்மாக்காரி மஞ்சள் துணியைப் பிரித்துக் காட்டியபோது அவன் ஒரு வார்த்தை, இது பேப்பர்ல வர்ற வெளயாட்டும்மா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. உடைந்த காலோடு எழுந்து, எதுவும் தெரியாதவன் மாதிரி, "என்னடி இது?" என்று கேட்டான். தமயந்தி சிரித்தாள். வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்தாள், யார்தான் நினைக்கமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் பேச்சு திரும்பி வந்தபோது அதைத்தான் முதலில் சொன்னாள், "அவரு சிரிப்பை அடிச்சாருப்பா." நர்ஸ் அது தப்பான வாக்கியம் என்று சொல்லித் திருத்தப் பார்த்தாள், அதைவிடச் சரியான வாக்கியம் கிடையாது. வாயில் அடித்தான். அந்தத் தாள்களைக் கசக்கி வாயில் திணித்தான், இந்தா தின்னு, நீயே தின்னு. அவள் துப்பினாள். முடியைப் பிடித்து அடுப்படி மேடையில், கடப்பைக்கல் விளிம்பில், ஒரு தடவை இல்லை. மண்டை கல்லில் மோதிய சத்தத்தை அவள் சொல்லவில்லை, ஆனால் எனக்குக் கேட்கிறது, எனக்கு அந்தச் சத்தம் தெரியும், பச்சை எலும்பு உடைகிற சத்தம் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். காலைக் கட்டிப் போட்டவன் யார் என்று அம்மாவுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது, ஓடாத கடைக்கு ஒரு காரணம் அவனுக்கு வேண்டியிருந்தது. தெரிந்தே அடித்தான். தெரியாமல் அடித்தவனை மனுஷன் என்று விடலாம்.

அவனை நான் எத்தனையோ முறை கொன்றுவிட்டேன். பல் விளக்கும்போது கொல்கிறேன், டீ ஆற்றும்போது கொல்கிறேன். முதலில் அந்த நகராத காலை. பிறகு முடியைப் பிடித்த கை, முழங்கை மூட்டில் கத்தியின் நுனியைச் செருகித் திருப்பினால் கை தானாகக் கழன்று வரும், வலு தேவையில்லை. கழுத்து கடைசி. அவன் அலறுவதுகூட எனக்கு வேண்டாம், "உனக்குத் தெரியும்ல? தெரியும்தானடா?" என்று கேட்டு, தெரியும் என்று அவன் சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் அவன் சொல்வதற்கு முன்னால் கத்தி விழுந்துவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து கொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் நல்லதம்பி, சௌந்தரத்தின் தம்பி, சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறான். போலீஸ் ஸ்டேஷனிலும் கேஸ் வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறான். "மச்சான், குடும்பம்னா கோழி வெட்டுற மாதிரி இல்ல. ஒட்டுப் போட்டுத்தான் ஓட்டணும். படிச்ச பையன், கோவத்துல கை நீட்டிட்டான், இப்ப அழுகுறான். இவளையும் இந்த நெலமைல எத்தன நாளைக்கு வெச்சுப் பாப்பீங்க? உங்களுக்கு அப்பறம் யாரு பாக்குறது?" அதுதான் அவன் கடைசியாக எடுக்கிற ஆயுதம், எனக்கு அப்புறம் யார். சாயங்காலம் பூவும் பழமும் கொண்டு வருவார்களாம். தமயந்தி எல்லார் முன்னாலும் சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, செய்வினை வைக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டுமாம், இனி ஆயுசுக்கும் கட்டம் போடமாட்டேன் என்றும். அப்போது அம்மாக்காரி மனசு ஆறுமாம். அடி வாங்கினவள் கையைச் சுட்டுக்கொண்டால் அடிக்க வைத்தவள் மனசு ஆறும். நான் அங்கேயே இருப்பேன். சூடம் எரிகிற நேரத்துக்குள் எழுந்து, பின்கட்டுக்குப் போய், சாக்கில் சுற்றி வைத்ததை எடுத்துக்கொண்டு வர முடியும். அவன் குனிந்து பழத்தட்டைக் கீழே வைக்கும் நேரம். குனிந்த கழுத்து லேசு. எத்தனை தடவை ஒத்திகை பார்த்துவிட்டேன், பழத்தட்டில் சாத்துக்குடி உருண்டு போவதுவரை தெரிகிறது. அதற்குப் பிறகு என்னைக் கூட்டிப்போவார்கள், அதற்குப் பிறகு அவள் தனியாக அந்த அறையில், சுவரெல்லாம் சிவப்பு, அவள் அதற்கு என்ன சொல் சொல்வாள். மழை என்பாளா. அங்கே நினைப்பு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் எனக்குப் போகத் தெரியவில்லை.

"அய்யா, இது பாருங்க, எளிசுலேர்ந்து கஷ்டம் வரைக்கும் எல்லாம் கலந்து இருக்கு" என்று ரெஜினா ஒன்றை நீட்டுகிறாள். வாள் இல்லை, மண்டை ஓடு இல்லை, வெறும் பச்சை அட்டை. முதல் பக்கங்கள் பொடிப் பொடியாக நிரப்பி விட்டிருக்கிறான், பத்து வீடு காலியாக இருந்தால் அதிகம். போகப் போகக் காலி கூடுகிறது. கடைசிப் பக்கங்களில் வெற்றுக் கட்டம், அங்கொன்றும் இங்கொன்றுமாக எண், கடலில் விட்ட மாதிரி. இதுதான் சரி போல இருக்கிறது. ஆனால் தமயந்தி முதல் பக்கத்திலிருந்து போடுகிறவள் இல்லை. புத்தகத்தை எடுத்ததும் பின்பக்கத்துக்குப் போவாள், கடைசிக்கு முந்தினதைத் திறப்பாள், அவள் சுபாவம். திறந்தால் ஒன்றும் ஓடாது. ஆறும் ஒன்பதும் கவிழும். ஒன்றுக்கும் ஆகாதவள் என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டு, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, சூடத்துக்குக் கை நீட்டுவாள். அப்படியானால் எளிது மட்டும் என்று தனியாக இருக்கிற இந்த ரோஜா நிறப் புத்தகம். பெரிய எண், பெரிய கட்டம். போட்டுப் பார்க்கிறேன், மனசிலேயே. மேலே நடுச் சதுரத்தில் ஏழு இல்லை. இந்த வரிசையில் ஏழு உண்டு, அந்த வரிசையில் உண்டு, மிச்சம் ஒரு வீடு. ஏழு. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். நாலாம் கிளாஸோடு நின்ற எனக்கே கண்ணை மூடிக்கொண்டு வருகிறது. எனக்கு ஏத்த அளவில் அவளுக்கு வாங்கிக்கொண்டு போவதா. என் கடையில் நின்று, தராசுக்குப் பின்னால், நான் இறகு பிடுங்கி முடிப்பதற்குள் கட்டத்தை முடிக்கிறவளுக்கு. "எடுத்துக்கறீங்களா, இன்னும் பாக்குறீங்களா? பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு நேரம் பாக்கமாட்டாங்க அய்யா." கல்லாவிலிருந்து முதலாளி, "விடு ரெஜினா, பெரியவர் பொறுமையாப் பாக்கட்டும், ஓசிலயா பாக்குறாரு" என்கிறார். ஓசியில்தான் பார்க்கிறேன். பேப்பரில் தினம் வருகிறதே, ஓசியில், அதை விட்டுப் புத்தகம் ஏன் கேட்டாள் என்று இப்போது உறைக்கிறது. வெட்டி எடுத்த துண்டைத்தானே தகடு என்றார்கள். அட்டை போட்டு, பெயர் போட்டு, விலை அச்சடித்த புத்தகத்தை எந்தக் குறிகாரனும் எந்திரம் என்று சொல்லமுடியாது. அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறாள். அப்படி யோசிக்கிற மண்டைக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று நான் எதை வைத்து அளக்கிறேன், ஸ்பூனை வைத்தா, ஃபேனை வைத்தா. ஒரு கையில் ரோஜா, ஒரு கையில் பச்சை. நல்லதம்பி அவளுக்கு எது நல்லது என்று முடிவு செய்துவிட்டான், அமிர்தவல்லி முடிவு செய்துவிட்டாள், இங்கே நானும் நின்று அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். போன் இருக்கிறது பையில். கேட்டால் என்ன.

ரொம்ப நேரம் மணி அடித்தது. எடுத்தாள். மூச்சு கேட்டது, பிறகு "அப்பா." "என்ன பண்ற தாயி?" "உக்காந்திருக்கேன். நல்லதம்பி மாமா போன் பண்ணாரு. அவங்க... கெளம்பிட்டாங்களாம்." "சரி. புத்தகக் கடைல நிக்கிறேன். ரெண்டு இருக்கு தாயி. ஒண்ணு எளிசு. ஒண்ணு எல்லாங் கலந்தது, கடைசி ரொம்பக் கஷ்டம். எது எடுக்கட்டும்?" பின்னால் ஃபேன் ஓடுகிறது, அவளுடைய மழை. நான் அவசரப்படுத்தவில்லை. ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போய் முடிந்தது. "நான் முன்னாடி எது போடுவேன்?" "கஷ்டமானது. பேனாவுல." "அப்ப அதான்." "டாக்டரம்மா சொன்னாங்கல்ல, ஏத்த அளவுன்னு. முடியலன்னா நீ மனசு விட்டுரக் கூடாது பாரு, அதுக்குத்தான்..." "முடிக்கணும்னு இல்லப்பா" என்றாள். இது ஒரே மூச்சில் வந்தது, வாளி இழுக்காமல். "காலைல அப்பிடிச் சொன்னேன். இல்ல. தப்புத் தப்பாப் போடலாம்ல? அழிச்சிட்டுப் போடலாம்ல?" "போடலாம் தாயி." "தப்பாப் போட்டா யாரும் அடிக்க மாட்டீங்கல்ல?" மாட்டாங்கல்ல என்று சொல்லவேண்டிய இடம். மாட்டீங்கல்ல என்றாள். இது ஸ்பூன் சாவியான மாதிரி சொல் வழுக்கிய இடமா, அல்லது கொஞ்சமும் வழுக்காமல் அவள் சரியாக மிதித்த இடமா. நான் அவளை அடித்ததில்லை, ஒரு நாளும். ஆனால் பிறந்து கண் விழித்த நாளிலிருந்து அவள் பார்த்த கை என் கை, முழங்கை வரை ரத்தத்தில் நனைந்த கை. இந்த நாட்களில் என் வீட்டுக்குள் என்ன நடமாடுகிறது என்று அவளுக்குத் தெரியாதா, பின்கட்டுக்குப் போய்ப் போய் வருகிறவனின் முகம் தெரியாதா. சாத்துக்குடி உருண்டு போகிற அந்த அறையில் அவளும் இருக்கிறாள், நான் எத்தனை தடவை கொன்றபோதும் சுவரோரம் அவள் நின்றிருக்கிறாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் அடிக்கமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அது என்னால் கொடுக்க முடிகிற வாக்கு இல்லை, உலகத்துக்கெல்லாம் நான் எப்படி ஜாமீன் நிற்பேன். "மாட்டேன் தாயி" என்றேன். என் ஒருவனுக்குத்தான் சொன்னேன். "சரிப்பா. சீக்கிரம் வாங்க" என்று வைத்துவிட்டாள்.

நல்லதம்பியைக் கூப்பிட்டேன். "மச்சான், நாங்க பாதி தூரம் வந்துட்டோம், நீங்க எங்க இருக்கீங்க? சூடம் வாங்கிட்டீங்களா?" "திருப்பி அனுப்பிரு." "என்னது?" "இன்னைக்கும் வரவேணாம், இனிமேலும் வரவேணாம். ஸ்டேஷன்ல நீ பேசி வெச்சதையும் நாளைக்கு நானே போய் இல்லன்னு சொல்லிட்டு, கேஸு எழுதித் தந்துட்டு வர்றேன்." "மச்சான், யோசிச்சுத்தான் பேசறீங்களா? பெரிய மனுசங்க நாலு பேரு வண்டில இருக்காங்க, அவங்க மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது?" "வந்தா நான் அவன வெட்டிருவேன் நல்லதம்பி. வெட்டக் கூடாதுன்னு இருக்கேன். அதனால வரவேணாம்." வண்டிக்குள் யாரோ என்னவாம் என்னவாம் என்று கேட்பது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, அவங்கள நான் அனுப்பிர்றேன். நான் மட்டும் வந்து பேசறேன்" என்றான். "யாரும் வரவேணாம்." "யாரும்னா? நானுமா மச்சான்?" "நீயுந்தான்" என்று வைத்தேன். ரெஜினா பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையும் கேட்காதவள் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைப் புத்தகத்தை அவள் முன்னால் வைத்தேன். அட்டை நடுவில் மடிந்து, முதுகு பிளந்து, என் ஐந்து விரலும் பதிந்து கிடந்தது. போன் பேசும்போது என்னை அறியாமல் பிடித்திருக்கிறேன். "இது கசங்கியிருக்கும்மா, வேற ஒண்ணு தா" என்றேன். "நீங்கதான் அய்யா கசக்குனீங்க" என்றாள், கோபமில்லாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "ஆமா" என்றேன். "ரெண்டையும் பில்லுல போடு. நல்லது மகளுக்கு."